சிங்க்திங் அமைப்பு: ஒரு ஃபோன், ஒரு லேப்டாப், எப்போதும் ஓடும் ஒரு ராஸ்பெரி பை

நடுவில் சர்வர் இல்லாமல், கருவிகள் தங்களுக்குள் நேராகக் கோப்புகளைப் பரிமாறி ஒரே நிலையில் வைத்துக்கொள்ள உதவும் மென்பொருள் சிங்க்திங். யாக்கோப் போர்க் 2013-இல் தொடங்கிய திறந்த மூலத் திட்டம் இது. கோ மொழியில் எழுதப்பட்டது. நிறுவுவது சில நிமிட வேலைதான். எந்தக் கோப்புறையை எந்த வகையில் பகிர்கிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும். இங்கே தலைமைக் கருவி என்று ஒன்று கிடையாது, எல்லாம் சமம். ஃபோனில் தவறி அழித்த படம், வீட்டில் இருக்கும் வட்டிலும் ஓரிரு நிமிடத்தில் அழிந்துவிடும். ஒத்திசைவு காப்புநகல் ஆகாது. ஆகவே ஒவ்வொரு படியிலும் ‘இங்கே அழித்தால் வேறு எங்கெல்லாம் அழியும்?’ என்ற கேள்விக்கு விடை தெரிந்த பிறகே அடுத்த படிக்குப் போக வேண்டும்.

இங்கே எடுத்துக்கொண்ட அமைப்பில் மூன்று கருவிகள்: ஆண்ட்ராய்டு ஃபோன், லினக்ஸ் லேப்டாப், 4 ஜிபி நினைவகமுள்ள ராஸ்பெரி பை 4 (உள்ளங்கையளவு சிறு கணினி; இனி ‘பை’). பையுடன் 1 டிபி யூஎஸ்பி எஸ்எஸ்டி. கோப்புறைகள் இரண்டு: கேமராப் படங்கள் ஃபோனிலிருந்து பைக்கு மட்டும் போகும்; ஆவணங்கள் மூன்றிலும் ஒன்றுபோல் இருக்கும். பை எதற்கு என்றால், நேரடிப் பரிமாற்றத்துக்கு இரு முனையும் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டும். லேப்டாப் மூடியிருக்கும்போது ஃபோன் வீட்டில் இருக்கும், ஃபோன் வெளியே போனபோது லேப்டாப் திறந்திருக்கும். எப்போதும் ஓடும் ஒரு கணு (வலையில் ஒரு கருவி) நடுவில் இருந்தால்தான் இரண்டும் சந்திக்கும். பழைய கணினி ஒன்று சும்மா கிடந்தால் அதுவும் போதும்; மின்செலவு மட்டும் கூடும்.

வட்டு முதலில்

எஸ்எஸ்டியைப் பையின் நீல நிற யூஎஸ்பி 3 துளையில் செருக வேண்டும். 5.1 வோல்ட், 3 ஆம்பியர் தரும் அடாப்டர் அவசியம். மின்சாரம் போதாவிட்டால் பளு ஏறும் நேரத்தில் வட்டு துண்டிக்கப்பட்டு மறுபடி வரும். அப்போது தோன்றும் பிழைகளைப் பார்த்து மென்பொருளைக் குறை சொல்லத் தோன்றும்.

வட்டை லினக்ஸின் கோப்பு முறைமையான எக்ஸ்ட்4 ஆக ஃபார்மேட் செய்யுங்கள். கடையில் வாங்கும்போது பெரும்பாலும் எக்ஸ்ஃபேட்டில் வரும், அப்படியே வைக்க வேண்டாம். அதில் லினக்ஸ் அனுமதிகள் பதியாது, பழைய ஃபேட்32 என்றால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது, திருத்த நேரமும் 2 நொடிக்கு ஒருமுறைதான் துல்லியமாகப் பதியும். வட்டை மவுண்ட் செய்யும்போது (ஒரு கோப்புறையில் இணைக்கும்போது) ‘எஸ்டிஏ1’ போன்ற மாறக்கூடிய பெயரை நம்பாமல், மாறாத அடையாள எண்ணான அதன் யூயூஐடியைக் கொடுங்கள். கூடவே ‘நோஃபெயில்’ விருப்பத்தையும் சேர்த்தால், வட்டு இல்லாத நாளிலும் பை தடையின்றித் துவங்கும்.

இந்த இடத்தில் ஒரு சந்தேகம் வர வேண்டும். வட்டு மவுண்ட் ஆகாவிட்டால் அந்த இடத்தில் இருப்பது வெறும் காலிக் கோப்புறை. ‘எல்லாம் அழிக்கப்பட்டுவிட்டது’ என்று எடுத்துக்கொண்டு ஃபோனிலும் லேப்டாப்பிலும் சிங்க்திங் அழித்துவிடாதா? அழிக்காது. பகிரும் ஒவ்வொரு கோப்புறைக்குள்ளும் ‘எஸ்டிஃபோல்டர்’ என்ற மறைவான அடையாளத்தை அது வைத்திருக்கும். அது கண்ணில் படாவிட்டால் ‘ஃபோல்டர் மார்க்கர் மிஸ்ஸிங்’ என்று சொல்லி அந்தக் கோப்புறையை நிறுத்திவிடும். இந்தப் பிழை வந்ததும் பலர் அந்த அடையாளத்தைக் கையால் உருவாக்கிவிடுகிறார்கள். அதைவிட ஆபத்தான வேலை இதில் வேறில்லை. வட்டு வந்துவிட்டதா, உள்ளே கோப்புகள் இருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

நிறுவல்

பையில் ஓடும் லினக்ஸ் வகையான டெபியனின் தொகுப்பில் உள்ள பதிப்பு பழையதாக இருக்கும். சிங்க்திங் திட்டமே நடத்தும் ஏபிடி (டெபியனின் நிறுவல் கருவி) களஞ்சியத்தைச் சேர்த்து அங்கிருந்து நிறுவுவது நல்லது. 2025-இல் வந்த இரண்டாம் பதிப்பு, உள் தரவுத்தளத்தை லெவல்டிபியிலிருந்து எஸ்க்யூலைட்டுக்கு மாற்றியது. பழைய பதிப்பிலிருந்து ஏறும்போது முதல் துவக்கத்தில் இந்த மாற்றம் நடக்கும். லட்சக்கணக்கான கோப்புகள் இருந்தால் வெகுநேரம் எடுக்கும். ஒன்றும் நடக்கவில்லையே என்று பாதியில் நிறுத்தாதீர்கள்.

ரூட் பயனராக, அதாவது முழு அதிகாரமுள்ள நிர்வாகியாக, ஓட்ட வேண்டாம். வந்து சேரும் கோப்புகள் அத்தனையும் ரூட்டுக்குச் சொந்தமாகி, பிறகு சாதாரணப் பயனரால் திறந்து திருத்த முடியாமல் போகும். லினக்ஸில் சேவைகளை இயக்கும் சிஸ்டம்டியில் பயனர் பெயரோடு சேர்த்து இயக்கும் சேவை வடிவத்தையே பயன்படுத்துங்கள். பயனர் சேவையாக வைத்தால், எஸ்எஸ்எச்சிலிருந்து (வேறு கணினியிலிருந்து பைக்குள் நுழையும் வழி) வெளியேறியதும் சிங்க்திங்கும் நின்றுவிடும். வெளியேறிய பின்னும் சேவையை ஓடவிடும் ‘லிங்கர்’ அமைப்பை இயக்கினால்தான் தொடரும். ‘ராத்திரி முழுக்க ஓடவிட்டேன், எதுவும் வரவில்லை’ என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

நிர்வாகப் பக்கம் 8384 போர்ட்டில், அதே கருவியின் உலாவிக்கு மட்டும் திறக்கும். பைக்குத் திரை இல்லை என்பதால் அதை 0.0.0.0-க்கு மாற்றிவிடுவது வழக்கம். அப்படி மாற்றினால் வீட்டு வைஃபையில் இருக்கும் எவரும் அந்தப் பக்கத்தைத் தொட முடியும். கடவுச்சொல் வைக்காமல் ஒரு நிமிடம்கூட விடக்கூடாது. அதைவிட, எஸ்எஸ்எச் வழியே லேப்டாப்பின் 9384 போர்ட்டைப் பையின் 8384-உடன் இணைத்து, லேப்டாப் உலாவியில் 127.0.0.1:9384 என்று திறப்பது பாதுகாப்பானது. வேறு பெயரில், உதாரணமாக ரிவர்ஸ் ப்ராக்சியில் (முன்னால் நிற்கும் இடைநிலை சர்வர்) வைத்த பெயரில், திறந்தால் ‘ஹோஸ்ட் செக் எர்ரர்’ வரும். அது பழுது அல்ல, வெளிப்பக்கங்கள் உலாவி வழியாக உள்ளே நுழையாமல் தடுக்கும் காவல்.

ஒவ்வொரு கருவிக்கும் ஓர் அடையாள எண் உண்டு: ஏழு எழுத்துகள் கொண்ட எட்டுத் தொகுதிகள், மொத்தம் 56. கருவி முதல்முறை உருவாக்கும் சான்றிதழிலிருந்து பிறப்பது அது. இந்த எண் ரகசியமல்ல. இரு பக்கமும் ஒன்றையொன்று சேர்த்தால்தான் இணைப்பு நடக்கும். ரகசியம், அமைப்புக் கோப்புறையில் இருக்கும் சாவிக் கோப்பு. சாவி, சான்றிதழ், கான்ஃபிக் ஆகிய மூன்று கோப்புகளையும் வேறிடத்தில் நகலெடுத்து வையுங்கள். எஸ்டி கார்டு கெட்டால் அதே அடையாளத்தோடு மீளலாம். ஆனால் ஒரு பையின் கார்டை அப்படியே படியெடுத்து இரண்டாவது பையில் போட்டு இரண்டையும் ஓட்டக்கூடாது. ஒரே அடையாளத்தில் இரு கருவிகள் இருந்தால், எந்தக் கோப்பின் எந்த நிலை எவரிடம் இருக்கிறது என்ற கணக்கே குழம்பிவிடும்.

முதல் நிரப்பல்

200 ஜிபி படங்கள் ஏற்கெனவே லேப்டாப்பில் இருந்தால் அவற்றை வைஃபையில் அனுப்பிக்கொண்டிருக்கத் தேவையில்லை. எஸ்எஸ்டியை நேராக லேப்டாப்பில் செருகி, திருத்த நேரம் மாறாதபடி ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கட்டளையால் நகலெடுங்கள். பிறகு வட்டைப் பைக்கு மாற்றி, இரு பக்கமும் அதே கோப்புறை ஐடியில் பகிருங்கள். இரு பக்கமும் தனித்தனியே கோப்புகளைத் துண்டுதுண்டாகப் படித்து, கைரேகை போன்ற எஸ்எச்ஏ-256 சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிடும். ஒன்றுபோல் இருந்தால் ஒரு பைட்டும் நகராது. கோப்புறையின் பெயரும் பாதையும் ஒவ்வொரு கருவியிலும் வேறாக இருக்கலாம், ஐடி மட்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும்.

பை 4-இன் சிப்பில் குறியாக்கக் கணக்குகளுக்கான தனி வன்பொருள் கிடையாது (பை 5-இல் உண்டு). அதனால் முதல் ஸ்கேன் மெதுவாகவே நடக்கும். நொடிக்கு 40 எம்பி என்று வைத்துக்கொண்டாலும் 200 ஜிபிக்கு ஏறத்தாழ 83 நிமிடம். இந்த நேரத்தில் பை சூடேறும், ஹீட்சிங்க் ஒட்டுங்கள். சிங்க்திங்கின் தரவுத்தளத்தை எஸ்டி கார்டில் வைக்காமல் எஸ்எஸ்டிக்கு மாற்றினால் வேகமும் கூடும், கார்டின் ஆயுளும் நீளும். கோப்புறையின் ‘மினிமம் ஃப்ரீ டிஸ்க்’ தானாக 1 விழுக்காடு என்றிருக்கும். 1 டிபி வட்டுக்கு அது 10 ஜிபிதான். பழைய பதிப்புகளைச் சேமிக்கவும் இடம் வேண்டும் என்பதால் 5 விழுக்காடு வையுங்கள்.

கோப்புறை வகையும் அழிப்பும்

கேமராக் கோப்புறைக்கு ஃபோனில் ‘செண்ட் ஒன்லி’, பையில் ‘ரிசீவ் ஒன்லி’. ஆவணங்களுக்கு மூன்றிலும் ‘செண்ட் அண்ட் ரிசீவ்’. எல்லாரும் வைப்பது இப்படித்தான். ஆனால் இந்தச் சொற்கள் தரும் நம்பிக்கை தவறானது. செண்ட் ஒன்லி என்றால் மற்றவர்கள் செய்யும் மாற்றத்தை இந்தக் கருவி ஏற்காது என்பது மட்டுமே பொருள். இந்தக் கருவியில் நடக்கும் எதுவும், அழிப்பு உட்பட, வெளியே போகும். ஃபோனில் இடம் போதவில்லை என்று போன வருடப் படங்களை அழித்தால் பையிலும் அவை அழியும். கோப்பு மாற்றங்களைக் கவனிக்கும் வாட்சர் 10 நொடி சேர்த்துவைத்து அனுப்பும். அழிப்பை இன்னும் ஒரு நிமிடம் தள்ளிப்போடும். தவறு தெரிந்தவுடன் ஓடிப்போய்ப் பையில் அந்தக் கோப்புறையை ‘பாஸ்’ செய்தால் (தற்காலிகமாக நிறுத்தினால்) தப்பிக்க அந்த ஒரு நிமிடம் உதவலாம், அதற்கு மேல் நம்பக்கூடாது.

உண்மையான பாதுகாப்பு ‘ஃபைல் வெர்ஷனிங்’. வேறு கருவியிலிருந்து வரும் மாற்றத்தாலோ அழிப்பாலோ ஒரு கோப்பு போகும்போது, போவதற்கு முன் அதை ‘எஸ்டிவெர்ஷன்ஸ்’ என்ற மறைவான இடத்துக்கு நகர்த்திவிடும். தன் கருவியிலேயே நடந்த மாற்றத்துக்கு இது வேலை செய்யாது. ஃபோனில் வெர்ஷனிங் வைத்துவிட்டு ஃபோனில் அழித்தால் ஒரு பயனும் இல்லை. பெறும் பக்கத்தில், அதாவது பையில், வைக்க வேண்டும். கேமராவுக்கு ‘ட்ராஷ் கேன்’ வகை போதும், நாள் கணக்கை 180 என்று கொடுங்கள். 0 என்றால் எப்போதும் கழியாது, வட்டு நிரம்பும்வரை சேர்ந்துகொண்டே போகும். ஆவணங்களுக்கு ‘ஸ்டாகர்டு’ நல்லது: முதல் ஒரு மணி நேரத்துக்கு 30 நொடிக்கு ஒன்று, முதல் நாளுக்கு மணிக்கு ஒன்று, 30 நாள்வரை நாளுக்கு ஒன்று, அதன்பின் அதிகபட்ச வயதுவரை வாரத்துக்கு ஒன்று என்று தானே கழித்து வைத்துக்கொள்ளும். அதிகபட்சம் 365 நாள் என்பதை மாற்றத் தேவையில்லை.

அப்படியானால் ஃபோனில் இடத்தைக் காலி செய்வது எப்படி? அட்வான்ஸ்டு பகுதியில் ‘இக்னோர் டெலீட்’ என்று ஒன்று இருக்கிறது. அழிப்பு வந்தால் கண்டுகொள்ளாதே என்பது அதன் வேலை. அதைப் போட வேண்டாம். இரு பக்கக் கணக்கும் நிரந்தரமாக ஒத்துப்போகாது. பின்னால் இன்னொரு கருவியைச் சேர்க்கும்போது எது இருக்க வேண்டும், எது போயிருக்க வேண்டும் என்பதே தெரியாது. சுத்தமான வழி, பையில் பெறும் கோப்புறைக்கு வெளியே, அதே எஸ்எஸ்டியில், ‘காப்பகம்’ என்று ஒரு தனிக் கோப்புறை. தினமும் இரவில் க்ரான் (குறித்த நேரத்தில் கட்டளையை ஓட்டும் கருவி) வழியாக, வந்திருக்கும் ஒவ்வொரு படத்துக்கும் அங்கே ஒரு ஹார்ட் லிங்க் (அதே கோப்புக்கு இன்னொரு பெயர்) போட வேண்டும். ஏற்கெனவே இருக்கும் பெயரைத் தொடக்கூடாது, புள்ளியில் தொடங்கும் பெயர்களைத் தவிர்க்க வேண்டும். ஹார்ட் லிங்க் கூடுதல் இடம் பிடிக்காது. சிங்க்திங் ஒரு கோப்பைப் புதுப்பிக்கும்போது தற்காலிகக் கோப்பில் எழுதி முடித்துப் பிறகு பெயர் மாற்றுகிறது. பழைய கோப்பின் மேலேயே எழுதுவதில்லை. அதனால் காப்பகத்தில் இருக்கும் பிரதி கெடாது. பெறும் கோப்புறையில் பெயர் அழிந்தாலும் காப்பகத்தில் படம் நிற்கும். வட்டே செத்தால் இதுவும் சேர்ந்து போகும், எனவே காப்பகத்தை மாதம் ஒருமுறையாவது இன்னொரு வட்டுக்கு நகலெடுப்பதை விட்டுவிடாதீர்கள்.

இரண்டு பொத்தான்களை அவசரத்தில் அழுத்தக்கூடாது. ரிசீவ் ஒன்லி பக்கத்தில் வரும் ‘ரிவர்ட் லோக்கல் சேஞ்சஸ்’, அந்தக் கோப்புறையில் நீங்கள் தனியாகச் சேர்த்த கோப்புகளை அழித்துவிடும். செண்ட் ஒன்லி பக்கத்தில் சிவப்பாக வரும் ‘ஓவர்ரைடு சேஞ்சஸ்’ அதைவிடக் கொடியது: என்னிடம் இல்லாதது எவரிடமும் இருக்கக்கூடாது என்று ஆணையிடுவது அது. புது ஃபோன் வாங்கிய நாளில்தான் இது கடிக்கும். பழைய ஃபோனின் கோப்புறை ஐடியையே புது ஃபோனில் செண்ட் ஒன்லியாகச் சேர்ப்பார்கள். புது ஃபோனில் கேமரா காலி. காலியாக இருப்பதால் மட்டும் எதுவும் அழியாது, ஏனென்றால் ஒருபோதும் வைத்திராத கோப்பை அழித்ததாக எந்தக் கருவியும் அறிவிப்பதில்லை. ஆனால் ‘அவுட் ஆஃப் சிங்க்’ என்று சிவப்புப் பொத்தான் வந்து நிற்கும். சரிசெய்யும் பொத்தான் என்று நினைத்து அழுத்தினால் பையில் உள்ள பழைய படங்கள் அத்தனையும் போகும். புது ஃபோனுக்குப் புது ஐடி, பையில் புது இடம். இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

இணைப்பு எப்படி நடக்கிறது

வீட்டுக்குள் கருவிகள் 21027 யூடிபி போர்ட்டில் ஒன்றையொன்று கண்டுகொள்ளும். கோப்புகள் 22000-இல், டிசிபியிலோ, யூடிபி வழியாக க்விக்கிலோ போகும். பையில் ஃபயர்வால் இருந்தால் இந்த மூன்றையும் திறக்க வேண்டும்: 22000 டிசிபி, 22000 யூடிபி, 21027 யூடிபி. 8384-ஐ வெளியே திறக்கவே கூடாது. ஃபோன் கெஸ்ட் வைஃபையில் இருந்தால் ஒரே வீட்டில் இருந்தும் பை கண்ணில் படாது; அந்த வகை நெட்வொர்க்கில் ரவுட்டர் கருவிகளை ஒன்றுக்கொன்று பிரித்து வைக்கும்.

வெளியில் இருக்கும்போது, உலகளாவிய டிஸ்கவரி சர்வர்கள் ‘இந்த அடையாள எண் இப்போது இந்த முகவரியில் இருக்கிறது’ என்று மட்டும் சொல்லும். கோப்பு அவற்றின் வழியே போவதில்லை. நேர் வழி கிடைக்காவிட்டால், தன்னார்வலர்கள் நடத்தும் ரிலே வழியாகப் போகும். அப்போதும் குறியாக்கம் முனைக்கு முனை என்பதால் ரிலே நடத்துபவருக்கு உள்ளே இருப்பது தெரியாது, ஆனால் வேகம் மிகவும் குறையும். நிர்வாகப் பக்கத்தில் தொலைக் கருவியின் வரியை விரித்தால் இணைப்பு வகை தெரியும். வீட்டுக்குள்ளேயே ‘ரிலே’ என்று காட்டினால் எங்கோ தடை இருக்கிறது என்று பொருள். வேகம் குறைவு என்று வேறு எந்த அமைப்பையும் மாற்றுவதற்கு முன் இந்த ஒரு வரியைப் பாருங்கள்.

ரவுட்டரில் பைக்கு நிலையான உள்முகவரி ஒதுக்கி 22000-ஐ டிசிபி, யூடிபி இரண்டிலும் அதற்குத் திருப்பிவிட்டால் வெளியிலிருந்து நேர் இணைப்பு கிடைக்க வேண்டும். கிடைக்கவில்லையா? ரவுட்டரின் வெளிப்புற ஐபிவி4 முகவரியைப் பாருங்கள். 100.64.0.0 முதல் 100.127.255.255 வரையிலான எல்லைக்குள் இருந்தால் நீங்கள் சிஜிநேட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். பல வீடுகள் ஒரே பொது முகவரியைப் பகிர்கின்றன, போர்ட் திருப்பி ஒரு பயனும் இல்லை. அப்போது ஐபிவி6 கைகொடுக்கும். இந்தியக் கைபேசி இணைப்புகளில் ஐபிவி6 பரவலாகவே கிடைக்கிறது. வீட்டு இணைப்பிலும் இருந்தால், ரவுட்டரின் ஐபிவி6 ஃபயர்வாலில் பையின் 22000-க்கு மட்டும் உள்வரும் அனுமதி கொடுங்கள். இரு பக்கமும் திறந்திருக்க வேண்டியதில்லை, ஒரு பக்கம் திறந்திருந்தால் போதும். இதுவும் இல்லாவிட்டால் வயர்கார்டு போன்ற விபிஎன் ஒன்றை இரு கருவியிலும் போட்டு, முகவரிப் பெட்டியில் ‘டைனமிக்’ என்பதோடு காற்புள்ளி இட்டு விபிஎன் முகவரியையும் 22000 போர்ட்டையும் சேர்க்கலாம்.

அப்லோடு வரம்பு 1024 பைட் கொண்ட கிபிபைட் கணக்கில் கேட்கப்படும். 20 எம்பிபிஎஸ் அப்லோடு என்றால் ஏறத்தாழ 2440. அதில் 80 விழுக்காடு, 1950 என்று கொடுத்தால் வீட்டில் வீடியோ அழைப்பு திக்காது. வீட்டுக்குள் நடக்கும் பரிமாற்றத்துக்கு இந்த வரம்பு பொருந்தாதபடி இருப்பதுதான் இயல்பு நிலை, அதை மாற்ற வேண்டாம்.

ஃபோன் பக்கம்

அதிகாரபூர்வ ஆண்ட்ராய்டு செயலி 2024 டிசம்பரோடு நிறுத்தப்பட்டது. இப்போது பயன்படுவது சிங்க்திங்-ஃபோர்க், எஃப்-ட்ராய்டு என்ற திறந்த மூலச் செயலிக் களஞ்சியத்தில் கிடைக்கும். ஆண்ட்ராய்டு 11 முதல் ‘எல்லாக் கோப்புகளுக்கும் அணுகல்’ அனுமதியைத் தனியாகக் கொடுக்க வேண்டும். பேட்டரி அமைப்பில் ‘கட்டுப்பாடு இல்லை’ என்று வைக்க வேண்டும். சில நிறுவனங்களின் ஃபோன்களில் ‘ஆட்டோஸ்டார்ட்’ என்று இன்னொரு அனுமதி வேறிடத்தில் ஒளிந்திருக்கும், அதையும் போடாவிட்டால் திரை அணைந்த சிறிது நேரத்தில் செயலி கொல்லப்படும். குறிப்பிட்ட வைஃபையில் மட்டும் ஓடு என்று வைத்தால் ஃபோனின் லொகேஷனும் இயங்க வேண்டும். வைஃபை பெயரைப் படிக்க ஆண்ட்ராய்டு அதைக் கேட்கிறது. சார்ஜ் ஏறும்போது மட்டும், வீட்டு வைஃபையில் மட்டும் என்ற இரண்டு நிபந்தனையும் படங்களுக்குப் பொருத்தமானவை. மெமரி கார்டில் உள்ள கோப்புறைகளில் எழுத ஆண்ட்ராய்டு பொதுவாக அனுமதிப்பதில்லை, அவற்றைச் செண்ட் ஒன்லியாக மட்டுமே பகிர முடியும்.

இக்னோர் பட்டியலில் (ஒத்திசைக்க வேண்டாதவற்றின் பட்டியல்) மூன்று வரி சேருங்கள்: தம்ப்நெய்ல் கோப்புறை, ‘பெண்டிங்’ என்று தொடங்கும் மறைவான கோப்புகள், ‘ட்ராஷ்டு’ என்று தொடங்கும் மறைவான கோப்புகள். வீடியோ எடுத்துக்கொண்டிருக்கும்போது பாதிக் கோப்புக்கு ஆண்ட்ராய்டு வைக்கும் பெயர் ‘பெண்டிங்’ வகை. கேலரியில் அழித்த படம் குப்பையில் காத்திருக்கும்போது பெறும் பெயர் ‘ட்ராஷ்டு’ வகை. பட்டியலில் முதலில் பொருந்தும் வரியே செல்லும், எனவே விதிவிலக்குகளை மேலே எழுதுங்கள். இந்தப் பட்டியல் கருவிக்குக் கருவி தனி, தானாக மற்றவற்றுக்குப் போகாது. ‘கோப்புறை வேறிடத்தில் அழிக்கப்பட்டது, ஆனால் இங்கே தவிர்க்கப்பட்ட கோப்புகள் உள்ளன’ என்ற பிழை வந்தால், அந்த வரியின் முன்னே ‘தேவைப்பட்டால் இதை அழிக்கலாம்’ என்பதற்கான குறியை, அதாவது அடைப்புக்குறிக்குள் கேள்விக்குறியையும் ஆங்கில டி எழுத்தையும், போட வேண்டும். தம்ப்நெய்ல் வரிக்கு அதை முதலிலேயே போட்டுவிடலாம்.

தமிழில் பெயர் வைத்த கோப்புகள்

ஆங்கில வழிகாட்டிகளில் இது கிடைக்காது என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம். லினக்ஸிலும் ஆண்ட்ராய்டிலும் ஒரு பெயருக்கு எல்லை 255 பைட். யூனிகோட் எழுத்தைப் பைட்டுகளாக எழுதும் முறையான யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட். ‘ஒத்திசைவு’ என்பது கண்ணுக்கு ஐந்து எழுத்து. புள்ளியும் உயிர்க்குறிகளும் தனித்தனி என்பதால் 9 குறியீடு, 27 பைட். 85 குறியீட்டைத் தாண்டிய பெயர் லினக்ஸில் உருவாகவே முடியாது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ்சிலோ எல்லை 255 குறியீடு. ஆகவே விண்டோஸில் நீளமான தமிழ்த் தலைப்போடு சேமித்த பிடிஎஃப் பைக்கு வந்து சேராமல் ‘ஃபெயில்டு ஐட்டம்ஸ்’ பட்டியலில் உட்கார்ந்துவிடும். அதோடு முடிவதில்லை. முரண் நேர்ந்தால் சிங்க்திங் பெயரில் 38 பைட் சேர்க்கும், பழைய பதிப்பைச் சேமிக்கும்போது 16 பைட் சேர்க்கும். இரண்டையும் கழித்தால் மிஞ்சுவது 201 பைட், அதாவது 67 குறியீடு. விரிவொட்டையும் (‘.pdf’ போன்றது) சேர்த்து 60 குறியீட்டுக்குள், கண்ணளவில் சுமார் 33 எழுத்துக்குள், பெயரை நிறுத்திக்கொண்டால் எங்கும் சிக்காது.

அடுத்தது ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள். ‘கொ’ என்பதில் உள்ள குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலும் என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம். யூனிகோட் இரண்டையும் சமமாகக் கொள்ளும். லினக்ஸ் கோப்பு முறைமைக்கோ அவை வெவ்வேறு பெயர்கள். பழைய மேக் வட்டுகளிலிருந்து வந்த கோப்புகள் பிரிந்த வடிவில் இருக்கும். சிங்க்திங்கின் ‘ஆட்டோ நார்மலைஸ்’ இயல்பாகவே இயக்கத்தில் இருக்கும்; லினக்ஸிலும் விண்டோஸிலும் ஸ்கேன் செய்யும்போது பிரிந்த வடிவைச் சேர்ந்த வடிவாகப் பெயர் மாற்றிவிடும். இரு வடிவிலும் இரண்டு கோப்புகள் ஏற்கெனவே இருந்தால் ஒன்றை விட்டுவிட்டு லாகில் எச்சரிக்கும். இதை அணைக்காதீர்கள். ஆனால் ‘கௌரி’ என்பதை ளகர எழுத்து போட்டு ‘கெளரி’ என்று அடித்திருந்தால் எந்த நார்மலைசேஷனும் காப்பாற்றாது. அது கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. தேடினால் கிடைக்காமல் போகும் கோப்புகளில் இதையும் சோதியுங்கள்.

யூனிகோடுக்கு முந்தைய காலத்து ஜிப் கோப்புகளை விரித்தால் பெயர்கள் பழைய குறியேற்றத்தில் வரும். யூடிஎஃப்-8 அல்லாத பெயரைச் சிங்க்திங் தாண்டிப் போய்விடும், லாகில் மட்டும் சொல்லும். கட்டுரைத் தலைப்பை அப்படியே கோப்புப் பெயராக வைப்பவர்கள் கேள்விக்குறி, முக்காற்புள்ளி, இரட்டை மேற்கோள் மூன்றையும் எடுத்துவிட வேண்டும். விண்டோஸ் அவற்றை ஏற்காது.

முரண்பட்ட கோப்புகள்

இரு கருவிகள் ஒன்றையொன்று பார்க்காத நேரத்தில் ஒரே ஆவணத்தை இரண்டிலும் திருத்தினால், திருத்த நேரம் பழையதாக உள்ளது ‘சிங்க்-கான்ஃப்ளிக்ட்’ என்று பெயர் மாறி எல்லாக் கருவிக்கும் பரவும். முரண் இருப்பதைக் கண்டுபிடிப்பது கடிகாரம் அல்ல; ஒவ்வொரு கருவியும் செய்த மாற்றங்களின் கணக்கு. வென்றது எது என்று முடிவு செய்ய மட்டும் நேரம் பயன்படும். பை 4-இல் மின்கலத்தோடு கூடிய கடிகாரம் இல்லை. இணையம் இல்லாமல் துவங்கினால் அதன் நேரம் தவறாக இருக்கும். அந்த நிலையில் பையிலேயே எதையும் திருத்தாதீர்கள். ஒரு பக்கம் திருத்தமும் மறுபக்கம் அழிப்பும் மோதினால், பழைய பதிப்புகளில் திருத்தமே வென்றது; இரண்டாம் பதிப்பு முதல் அழிப்பும் வெல்லலாம், அப்போது அழிய வேண்டிய கோப்பு முரண் நகலாக மிஞ்சும்.

கீபாஸ் கடவுச்சொல் கோப்பில் முரண் வந்தால் பதற வேண்டாம், கீபாஸ்எக்ஸ்சியில் இரண்டையும் இணைக்கும் வசதி உண்டு. லிப்ரெ ஆஃபீஸின் பூட்டுக் கோப்புகளை இக்னோர் பட்டியலில் போடச் சொல்வார்கள். எங்கள் கருத்து வேறு. அவை பரவினால், லேப்டாப்பில் திறந்திருக்கும் ஆவணத்தை இன்னொரு கணினியில் திறக்கும்போது ‘ஏற்கெனவே திறந்துள்ளது’ என்ற எச்சரிக்கை கிடைக்கும். கிட் (நிரல் பதிப்புகளைக் காக்கும் கருவி) களஞ்சியம், உலாவியின் சுயவிவரம், மின்னஞ்சல் மென்பொருளின் தரவுத்தளம் ஆகியவற்றை மட்டும் ஓடும் நிலையில் எக்காரணம் கொண்டும் ஒத்திசைக்கக்கூடாது. பல கோப்புகள் ஒரே கணத்தில் ஒத்த நிலையில் இருந்தால்தான் அவை உயிரோடு இருக்கும். சிங்க்திங் கோப்பு கோப்பாகத்தான் நகர்த்தும்.

வீட்டுக்கு வெளியே ஒரு பிரதி

ஊரில் அண்ணன் வீட்டிலோ நண்பர் வீட்டிலோ ஒரு கணினி ஓடினால், அதையும் கணுவாகச் சேர்த்து ‘ரிசீவ் என்க்ரிப்டட்’ வகையில் பகிரலாம். பகிரும் பக்கத்தில் அந்தக் கருவிக்கு மட்டும் ஒரு கடவுச்சொல் கொடுக்க வேண்டும். அங்கே போவது குறியாக்கிய துண்டுகள்தான், பெயர்கள்கூடத் தெரியாது. கோப்புகளின் ஏறத்தாழ அளவு மட்டும் தெரியும். கடவுச்சொல் தொலைந்தால் அந்தப் பிரதி குப்பை. கீபாஸில் மட்டும் எழுதி அந்தக் கீபாஸ் கோப்பும் இதே கோப்புறையில் இருந்தால் பூட்டுக்குள் சாவியை வைத்தது போலாகும், எனவே காகிதத்தில் எழுதி வையுங்கள். அந்தப் பக்கத்திலும் வெர்ஷனிங் போட வேண்டும், இல்லையென்றால் இங்கே நடக்கும் அழிப்பு அங்கேயும் போகும்.

இதைச் சோதிக்க, குறியாக்கிய கோப்புறையை ஒரு பென்டிரைவில் நகலெடுத்து வந்து, எந்தப் பகிர்விலும் சேராத கணினியில் சிங்க்திங்கின் ‘டீக்ரிப்ட்’ கட்டளையை ஓட்டுங்கள். முதலில் சரிபார்ப்பு மட்டும் செய்யும் விருப்பத்தோடு, பிறகு தனிக் கோப்புறைக்குள் விரித்து. ஒரு பெரிய வீடியோ, தமிழ்ப் பெயருள்ள ஓர் ஆவணம், சமீபத்தில் திருத்திய ஒரு கோப்பு ஆகிய மூன்றையும் திறந்து பார்த்து, எஸ்எச்ஏ-256 மதிப்பை மூலத்தோடு ஒப்பிட வேண்டும். காகிதத்தில் எழுதியுள்ள கடவுச்சொல்லைப் பார்த்து அடித்தே இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.